கையில் இரண்டு பாஸ்போர்ட்... எந்த மேசையில் எதை நீட்டுவது?

கட்டுநாயக்க விமான நிலையம். நள்ளிரவு தாண்டிவிட்டது. வளைகுடா வழியாக டொரொன்டோ போகிறவர்களின் வரிசை மெல்ல நகர்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அறுபது வயது கடந்த ஓர் அம்மா, ஒடியல் மாவும் வறுத்த மிளகாய்த்தூளும் அடைத்த இரண்டு பெட்டிகளைத் தராசில் ஏற்றிவிட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். போன மாதம் எடுத்த புத்தம்புது இலங்கை பாஸ்போர்ட்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பக்கங்களைப் புரட்டுகிறார். "கனடா விசா எங்க அம்மா?"

"எனக்கு என்னத்துக்கு பிள்ளை விசா? நான் கனடா சிட்டிசன்."

"அப்ப கனடா பாஸ்போர்ட்டைத் தாங்கோ."

கைப்பையின் உள்ளறையிலிருந்து அது வெளியே வருகிறது. காலாவதியாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. கையில் செல்லுபடியான பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறதே என்று அதை அவர் கவனிக்கவில்லை. ஸ்காபரோவில் இருக்கும் மகனுக்கு அழைப்பு போகிறது. "தம்பி, இவை என்னை ஏத்த மாட்டினமாம்." "அம்மா, சிட்டிசன்ஷிப் கார்ட் இருக்கெல்லோ, அதைக் காட்டுங்கோ." காட்டுகிறார். அதுவும் செல்லாது. பத்து நிமிடத்தில் இரண்டு பெட்டிகளும் தராசிலிருந்து இறங்கிவிடுகின்றன.

இந்த அம்மா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இரு நாடுகளும் அவரைத் தம் குடிமகள் என்று முறைப்படி ஏற்றிருக்கின்றன. ஆனால் கனடா, 2016 நவம்பர் 10 முதல், விமானத்தில் வரும் தன் இரட்டைக் குடிமக்கள் செல்லுபடியான கனடா பாஸ்போர்ட்டைக் காட்டியே ஏற வேண்டும் என்று கண்டிப்பாக்கிவிட்டது. அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவசரத்துக்கு ஒரு சிறப்பு அனுமதியும் இருக்கிறது. அது கனடாவுக்கு விசா தேவைப்படாத நாடுகளின் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கை பாஸ்போர்ட்டில் கனடா விசா போட்டுக்கொண்டு போகலாமா என்றால், சொந்தக் குடிமகளுக்கு எந்த நாடும் விசா தராது. எஞ்சியிருக்கும் ஒரே வழி கொழும்பில் உள்ள கனடா தூதரகம். அங்கே புதிய பாஸ்போர்ட்டோ அவசரப் பயண ஆவணமோ கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். டிக்கெட் பணத்தைப் பற்றி அப்புறம்தான் யோசிக்க முடியும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சைச் சூடாக்கியது பிரிட்டன். விசா தேவையில்லாத நாட்டவர்களும் இ.டி.ஏ. என்ற முன் அனுமதியை இணையத்தில் பெற்றுத்தான் விமானம் ஏற வேண்டும் என்ற விதியை, 2026 பிப்ரவரி 25 முதல் அது முழுமையாக அமல்படுத்தியது. பிரிட்டிஷ் குடிமக்கள் அந்த அனுமதியைப் பெற முடியாது. ஆகவே, இன்னொரு நாட்டு பாஸ்போர்ட்டில் இதுவரை வந்துபோன பிரிட்டிஷ் இரட்டைக் குடிமக்களிடம் இப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்கப்படுகிறது. அல்லது அவர்களின் இன்னொரு பாஸ்போர்ட்டுடன் இணைக்கப்படும் உரிமைச் சான்று வேண்டும். ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இது பொருந்தாது.

இதில் தமிழர்களுக்கு என்ன? நிறைய இருக்கிறது. ஈழத்திலிருந்து பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் போய், அங்கே குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பையும் கோயிலையும் கடையையும் உறவையும் நினைத்து லண்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். பிரெக்சிட்டுக்குப் பிறகு அவர்களில் பலர் பிரிட்டிஷ் குடியுரிமையும் எடுத்தார்கள். குடியுரிமைச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் எல்லாருமே பாஸ்போர்ட் எடுக்கவில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டே போதுமானதாக இருந்தது. பாரிசில் ஒரு கல்யாணம் என்று இரண்டு நாளைக்குப் போய்த் திரும்பும்போது, இப்போது அவர்கள் அந்தக் கனடா அம்மாவின் நிலையில் நிற்கிறார்கள்.

அந்த உரிமைச் சான்றுக்கு 2026 தொடக்கத்தில் கட்டணம் 589 பவுண்ட். பெரியவர்களுக்கான பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ நூறு பவுண்டை ஒட்டிய செலவுதான். அதனால் வழி தெரிந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிப்பார்கள். ஆனால் வெளிநாட்டில் தாயின் மரணத்துக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கும், கணினி தெரியாத முதியவருக்கும் இந்த விதி இரக்கமற்றது. ஒரு நாடு தன் குடிமக்களைத் தன் பாஸ்போர்ட்டில் வரச் சொல்வது நியாயம். தன் வீட்டுக்கு வர அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் ஒரு சான்றுக்கு இவ்வளவு விலை வைப்பது நியாயமில்லை.

ஐரோப்பாவிலும் கதவு மாறியிருக்கிறது. ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல், வெளிநாட்டவர் நுழையும்போதும் வெளியேறும்போதும் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தன. பிரிட்டிஷ், பிரெஞ்சு பாஸ்போர்ட் இரண்டும் உள்ள ஒருவர் பாரிசில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டினால், கணினிக்கு அவர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற எண்ணிக்கை அவர் பெயரில் ஓடத் தொடங்கிவிடும். முன்பு அதிகாரி முத்திரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார், மறந்தும் போனார். இப்போது எண்ணுவது இயந்திரம்.

இரண்டு மேசை, இரண்டு கேள்வி

எந்த பாஸ்போர்ட்டைக் காட்டுவது என்ற குழப்பம் பாதிக்கு மேல் தீர ஒரு விஷயம் தெரிந்தால் போதும். விமான நிலையத்தில் நம் பாஸ்போர்ட்டைக் கேட்கும் மேசைகள் இரண்டு. இரண்டும் வேறு வேறு கேள்வியைக் கேட்கின்றன.

செக்-இன் மேசையில் இருப்பவர் விமான நிறுவனத்தின் ஆள். அவருக்கு வேண்டியது, இறங்கப்போகும் நாடு உங்களை உள்ளே விடுமா என்பது மட்டும்தான். விடாவிட்டால் உங்களைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகள் அபராதமும் போடும். அதனால்தான் அவர், எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு எங்கே என்ன விசா வேண்டும் என்று சொல்லும் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அதில் சிவப்பு வந்தால் அழுதாலும் பலனில்லை. எனவே, செக்-இன்னில் காட்ட வேண்டியது போகும் நாட்டுக்குள் உங்களைக் கொண்டுபோய்விடும் பாஸ்போர்ட்.

குடியகல்வு மேசையில் இருப்பவர் அரசாங்க அதிகாரி. இந்த நாட்டுக்குள் நீங்கள் யாராக வந்தீர்கள், அதே ஆளாகத்தான் வெளியே போகிறீர்களா என்பது அவர் கேள்வி. ஒரு பாஸ்போர்ட்டில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறினால், கணினியில் ஒருவர் வந்து போகாமலே இருக்கிறார். இன்னொருவர் வராமலே போகிறார். அடுத்த முறை வரும்போது இந்த முடிச்சுதான் உங்களை ஓரமாக நிற்கவைக்கும். ஆகவே நுழைந்த பாஸ்போர்ட்டிலேயே வெளியேற வேண்டும்.

இலங்கை, கனடா இரண்டிலும் முறையான குடியுரிமை உள்ளவரின் ஒரு பயணத்தை நடத்திப் பார்ப்போம். டொரொன்டோவில் செக்-இன் மேசை: போவது கொழும்புக்கு, ஆகவே இலங்கை பாஸ்போர்ட். கனடாவில் வெளியேறும்போது முத்திரை குத்தும் மேசை கிடையாது. கட்டுநாயக்கவில் இறங்கியதும்: இலங்கை பாஸ்போர்ட். திரும்பும்போது அதே கட்டுநாயக்கவில் செக்-இன் மேசைக்குக் கனடா பாஸ்போர்ட். பத்து அடி தள்ளியிருக்கும் குடியகல்வு மேசைக்கு இலங்கை பாஸ்போர்ட். அங்கே அதிகாரி, "கனடா விசா எங்கே?" என்று கேட்டால் தயங்காமல் கனடா பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டலாம். முறைப்படி இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு மறைக்க எதுவும் இல்லை. இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழின் நகல் கையில் இருந்தால் பேச்சு இன்னும் சுருங்கும். டொரொன்டோவில் இறங்கியதும் கனடா பாஸ்போர்ட்.

டிக்கெட் போடும்போதே இணையத்தில் ஒரு பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். விமானம் கிளம்பும் முன்பே அது இறங்கும் நாட்டுக்குப் போய்விடும். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான். இடையில் வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டுமென்றால், அங்கே எந்த பாஸ்போர்ட்டுக்கு இடைத்தங்கல் விசா வேண்டாமோ அதைக் காட்டலாம். அங்கே உங்கள் இரண்டு குடியுரிமையும் அந்நியம்தான், தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. உங்கள் சொந்த நாடுகள் இரண்டில்தான் அந்தச் சுதந்திரம் இல்லை.

[பெட்டிச் செய்தி] "என் பாஸ்போர்ட்டில்தான் வர வேண்டும்!"

அமெரிக்கா: குடிமக்கள் நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும் என்கிறது குடிவரவுச் சட்டம். நியூயார்க்கில் பிறந்த போரிஸ் ஜான்சன், பிரிட்டன் பிரதமராவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 2006-ல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ஹூஸ்டன் வழியாக மெக்சிகோ போக முயன்று தடுக்கப்பட்டார். 2016-ல் அவர் அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிட்டார்.

கனடா: 2016 நவம்பர் 10 முதல் விமானப் பயணத்துக்குக் கட்டாயம்.

பிரிட்டன்: 2026 பிப்ரவரி 25 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அல்லது உரிமைச் சான்று.

ஆஸ்திரேலியா: இரட்டைக் குடிமக்கள் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டிலேயே வெளியேறி, அதிலேயே திரும்ப வேண்டும் என்று அரசு சொல்கிறது.

தென்னாப்பிரிக்கா: வயது வந்த குடிமகன் வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் நுழைவதும் வெளியேறுவதும் குற்றம். அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை. டர்பனிலிருந்து லண்டனுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது நினைவில் வைக்க வேண்டிய விதி.

பெயரில் வரும் வம்பு

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. நம் பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். இலங்கை பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முதலில் வரும். கனடாவில் குடியேறியபோது எழுதிக்கொண்டவர் அதையே கடைசிப் பெயராக்கியிருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஒன்றில் ஏறியிருக்கும், மற்றதில் ஏறியிருக்காது. 'ழ' என்ற எழுத்துக்கு ஒரு பாஸ்போர்ட்டில் இசட்-எச் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் வெறும் எல். பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரிகளாக அச்சிட்டிருக்கும் எழுத்துகளைத்தான் இயந்திரம் படிக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு நீங்கள் வேறு ஆள்.

டிக்கெட் ஒரே பெயரில்தான் போட முடியும். செக்-இன்னில் ஒன்று, குடியகல்வில் ஒன்று என்று இரண்டு பாஸ்போர்ட்டைக் காட்டும்போது, போர்டிங் பாஸில் இருக்கும் பெயர் ஒன்றோடு பொருந்தும், மற்றதோடு முரண்படும். திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கைப்பையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்; பெட்டிக்குள் போட்டுவிட்டால் வேண்டிய நேரத்தில் அது விமானத்தின் வயிற்றில் கிடக்கும். நிரந்தரத் தீர்வு, இரண்டில் ஒன்றைப் புதுப்பிக்கும்போது பெயரை ஒன்றாக்கிவிடுவது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகம் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது: வேறு நாட்டு பாஸ்போர்ட் இருந்தால் அதிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு பாஸ்போர்ட் இருந்தால் இரட்டைக் குடிமகனா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

அலமாரியில் இரண்டு பாஸ்போர்ட் இருப்பதும் சட்டப்படி இரண்டு குடியுரிமை இருப்பதும் வேறு வேறு. இலங்கையின் 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அந்த நிமிடமே இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. கடிதம் வராது, யாரும் வந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கமாட்டார்கள். அதனால் பலருக்கு அது போனதே தெரியாது. 1987-ல் கொண்டுவந்த திருத்தம்தான் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளவோ இழந்ததை மீளப் பெறவோ விண்ணப்பிக்க வழிசெய்தது. 2011-ல் நிறுத்தப்பட்டு 2015-ல் மீண்டும் தொடங்கிய அந்த நடைமுறையில் சான்றிதழ் பெற்றவரே இரட்டைக் குடிமகன். மற்றவர் கையில் இருப்பது, குடிமகன் அல்லாதவர் வைத்திருக்கும் பாஸ்போர்ட். அதை நீட்டிக் கட்டுநாயக்கவில் இறங்குவது சட்டச் சிக்கலை விலைகொடுத்து வாங்குவது.

பலர் அந்தச் சான்றிதழுக்கு அலைவது பயண வசதிக்காக மட்டும் அல்ல. வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014-ம் ஆண்டுச் சட்டம் இரட்டைக் குடிமக்களுக்கு விலக்குத் தருகிறது. சாவகச்சேரியில் அப்பா விட்டுப்போன காணிக்குப் பக்கத்துத் துண்டை வாங்க நினைப்பவருக்கு அந்தக் காகிதம் உயிர்நாடி. அதற்கு எல்லையும் உண்டு. இரட்டைக் குடிமகன் இலங்கையில் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. 2015-ல் அரசமைப்பின் 19-வது திருத்தம் போட்ட தடையை 2020-ல் 20-வது திருத்தம் நீக்கியது. 2022-ல் 21-வது திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. சுவிஸ் குடியுரிமை இருந்ததால் கீதா குமாரசிங்க 2017-ல் நாடாளுமன்றப் பதவியை இழந்தார். பிரிட்டிஷ் குடியுரிமை காரணமாக டயானா கமகே 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேறினார்.

இந்தியா இன்னும் கறார். அரசமைப்புச் சட்டத்தின் 9-வது பிரிவும் 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடமே வைக்கவில்லை. அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்தது. இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு ஆண்டு பாக்கி இருக்கிறதே என்று அதிலேயே சென்னைக்கு வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் திரும்பிப் போகும் இரவில், "அமெரிக்க விசா எங்கே சார்?" என்று அதிகாரி கேட்கும்போது காட்ட விசாவும் இருக்காது, கிரீன் கார்டும் இருக்காது, அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் குட்டு உடைந்துவிடும். குடிமகன் அல்லாத ஒருவர் அதை மறைத்து இந்திய பாஸ்போர்ட் பெற்றால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம். வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்வதுதான் வழி. அந்தச் சான்று இல்லாமல், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கும் விண்ணப்பிக்க முடியாது.

மலேசியாவும் சிங்கப்பூரும் இதே பாதைதான். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் மலேசியத் தமிழர், சிங்கப்பூர்க் குடியுரிமை வேண்டுமென்றால் மலேசியக் குடியுரிமையை விட்டாக வேண்டும்.

[பெட்டிச் செய்தி] ஓ.சி.ஐ. அட்டை: எது உண்டு, எது இல்லை?

2005-ல் தொடங்கிய திட்டம். 2015 ஜனவரியில் இந்திய வம்சாவளியினருக்கான பழைய பி.ஐ.ஓ. அட்டையும் இதனோடு இணைக்கப்பட்டது.

உண்டு: வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வந்துபோகும் உரிமை, எவ்வளவு காலமும் தங்கலாம்.

இல்லை: வாக்குரிமை, தேர்தலில் நிற்கும் உரிமை, அரசமைப்புப் பதவிகள். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம், ஆராய்ச்சி போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும்.

பயணத்தில்: காட்ட வேண்டியது வெளிநாட்டு பாஸ்போர்ட், கூடவே அட்டை. அட்டை பாஸ்போர்ட்டுக்கு மாற்று அல்ல.

பிள்ளைகளின் கணக்கு வேறு

இந்தியச் சட்டத்தில் ஒரு சிறிய சன்னல் குழந்தைகளுக்குத் திறந்திருக்கிறது. இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவிலோ கனடாவிலோ பிறந்த குழந்தை பிறப்பிடத்தால் அந்நாட்டுக் குடிமகன். ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்தால் இந்தியக் குடியுரிமையும் கிடைக்கும். பதினெட்டு வயதானதும் ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டின் குடியுரிமையைக் கைவிடாவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாக அற்றுப்போகும்.

படிக்க அழகாக இருக்கும் இந்தச் சன்னலில் ஒரு கம்பி உண்டு. பதியும்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அமெரிக்கச் சட்டமோ, தன் குடிமகனான அந்தக் குழந்தை அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் வெளியே போய் உள்ளே வர வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க முடியாது. பாட்டி பார்க்க ஏங்கும் பேரனைச் சென்னைக்குக் கூட்டிவர, பெரும்பாலான பெற்றோர் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும் எடுப்பது இந்த நெருக்கடியால்தான். பிள்ளை வளர்ந்து ஐ.ஏ.எஸ். எழுத ஆசைப்பட்டால் அந்தக் கதவு இரண்டு வயதிலேயே சாத்தப்பட்டிருக்கும். எடுக்கும் முடிவின் எடையைப் பெற்றோர் அறிந்து எடுக்க வேண்டும்.

எந்த பாஸ்போர்ட் காப்பாற்றும்?

வரிசையில் நிற்கும் சிரமம், டிக்கெட் பணம், பெயர்க் குழப்பம் எல்லாம் சில நாளில் தீர்ந்துவிடும். தீராத ஒன்று இருக்கிறது. ஒரு நாடு உங்களைக் கைது செய்தால் யார் வருவார்கள்?

1930-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் 4-வது பிரிவு, ஒரு நாடு தன் குடிமகனுக்காக, அவன் குடியுரிமை வைத்திருக்கும் இன்னொரு நாட்டை எதிர்த்துத் தூதரகப் பாதுகாப்புக் கோர முடியாது என்கிறது. அதற்குப் பிறகு சட்ட அறிஞர்கள் அதைப் பலவிதமாகத் தளர்த்தியிருக்கிறார்கள். நடைமுறையில் சிறைக் கதவின் முன்னே அது இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனும் கனடாவும் தம் மக்களிடம் வெளிப்படையாகவே சொல்கின்றன: உங்கள் மற்ற நாட்டுக்குப் போய்ச் சிக்கினால், எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.

ஈரான் இதற்குக் கொடிய சாட்சி. கனடாவில் வாழ்ந்த புகைப்படச் செய்தியாளர் ஜாஹ்ரா கஸேமி 2003-ல் தெஹ்ரானின் எவின் சிறைக்கு வெளியே படமெடுத்தபோது கைதானார். சில வாரங்களில் இறந்தார். அவர் ஈரான் நாட்டவர், கனடாவுக்குப் பேச உரிமையில்லை என்றது ஈரான். உடலைக் கனடாவுக்கு அனுப்பக்கூட மறுத்து ஷிராஸில் அடக்கம் செய்தது. பிரிட்டிஷ்-ஈரானியரான நசானின் ஸகாரி-ராட்கிளிஃப் 2016 ஏப்ரலில், இரண்டு வயதுகூட நிரம்பாத மகளோடு லண்டன் திரும்ப தெஹ்ரான் விமான நிலையத்தில் நின்றபோது பிடிபட்டார். 2019-ல் பிரிட்டன் அரிதிலும் அரிதாக அவருக்குத் தூதரகப் பாதுகாப்பு அறிவித்தது. ஈரான் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் வீடு திரும்பியது 2022 மார்ச்சில். பழைய டாங்கி ஒப்பந்தக் கடனாக ஈரானுக்கு பிரிட்டன் ஏறக்குறைய 400 மில்லியன் பவுண்ட் செலுத்திய பிறகு.

அதைவிட அச்சமூட்டுவது மஹேர் அராரின் கதை. சிரியாவில் பிறந்து பதினேழு வயதில் கனடா போனவர். 2002 செப்டம்பர் 26 அன்று துனிசிலிருந்து சூரிச், நியூயார்க் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கையில் கனடா பாஸ்போர்ட். விமானம் மாற மட்டுமே நியூயார்க்கில் இறங்கினார். கனடா காவல்துறை தந்த தவறான தகவலை நம்பிய அமெரிக்க அதிகாரிகள் அவரைக் கனடாவுக்கு அனுப்பவில்லை. அவர் காட்டாத, பயன்படுத்தாத சிரியக் குடியுரிமையைக் காரணமாக்கி ஜோர்டான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ ஓராண்டுச் சிறையும், இருட்டறையும், சித்திரவதையும். கனடாவின் விசாரணை ஆணையம் அவர்மீது எந்தக் குற்றத்துக்கும் ஆதாரமில்லை என்றது. 2007-ல் கனடா மன்னிப்புக் கேட்டு 10.5 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுத்தது. அவர் சரியான பாஸ்போர்ட்டைத்தான் காட்டினார். பையில் இல்லாத குடியுரிமை அவரைப் பின்தொடர்ந்து வந்தது.

இலங்கைக்குப் போகும் தமிழர் இதைத் தம்மோடு பொருத்திப் பார்க்கக் காரணம் இருக்கிறது. 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த தலைமுறை அது. இலங்கை பாஸ்போர்ட்டில் இறங்கினால் விசாவும் வேண்டாம், நாள் கணக்கும் வேண்டாம். ஆனால் அந்த மண்ணில் நீங்கள் இலங்கையர் மட்டுமே. கனடா பாஸ்போர்ட்டில் வெளிநாட்டவராக இறங்கினால் தூதரகத்தின் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கக்கூடும். அப்போதும், இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் பெற்றவரை இலங்கை தன் குடிமகனாகவே நடத்தலாம். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்று அச்சாகியிருப்பதை எந்த அதிகாரியும் படிப்பார். காணிக்காகவும் கோயிலுக்காகவும் இரட்டைக் குடியுரிமை எடுப்பவர்கள், அதனோடு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் அறிந்தே எடுக்க வேண்டும்.

அகதியாகப் போனவர் நீட்டக் கூடாத பாஸ்போர்ட்

கடைசியாக, இரட்டைக் குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்கள். இவர்களுக்குத்தான் தவறான பாஸ்போர்ட்டின் விலை மிகக் கூடுதல்.

அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவர், குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தில் அம்மாவுக்குக் கடுமையான சுகவீனம் என்று செய்தி வருகிறது. அகதிகளுக்கான பயண ஆவணத்தில் இலங்கைக்குப் போக முடியாது. தூதரகத்தில் இலங்கை பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, போய் முகம் பார்த்துவிட்டு வருகிறார். 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் பார்வையில், தன்னைத் துரத்திய நாட்டின் பாதுகாப்பை அவர் தானாகவே மீண்டும் ஏற்றுக்கொண்டவர். கனடாவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் காரணத்தால் அகதி நிலை முடிவுக்கு வந்தால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போய்விடுகிறது. நாட்டை விட்டு வெளியேற்றவும் முடியும். பத்து ஆண்டு வரி கட்டியவர், வீடு வாங்கியவர் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடாது. சட்டத்தின் விளைவு தெரிந்துதான் அவர் போனாரா, எதற்காகப் போனார், அங்கே ஒளிந்திருந்தாரா என்பதையெல்லாம் தீர்ப்பாயம் எடைபோட வேண்டும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் சொன்னது சற்று ஆறுதல். குடியுரிமை பெற்றுவிட்டவர்மீது இந்த விதி பாயாது.

குடியுரிமை விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, இன்னும் சில மாதம்தான் என்ற நிலையில், பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டாம் என்று ஒரு மகனிடம் சொல்வது கொடுமை. இந்தச் சட்டம் அந்தக் கொடுமையைச் செய்கிறது. தாயும் மகனும் சென்னையிலோ மலேசியாவிலோ சந்தித்துக்கொள்ளும் வழியைப் பல குடும்பங்கள் கண்டுபிடித்தது இதனால்தான். அந்தப் பயணத்தையும் அகதிப் பயண ஆவணத்திலேயே செய்ய வேண்டும். இலங்கை பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துச் செய்தால் அதே கேள்வி திரும்ப எழும். டிராவல் ஏஜென்ட் விசா கிடைக்குமா என்று மட்டும் சொல்வார். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் பேச வேண்டியது குடிவரவு வழக்கறிஞரிடம்.